பெடல் உள்ள மோட்டார்தான் என் கட்சி

போன வாரம் ஒரு தம்பி யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் சிலிண்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். "அண்ணா, போர்ட்டிங் பண்ண இதை வாங்கட்டுமா?" என்று போனைக் காட்டினான். போர்ட்டிங் என்றால் சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளைகளை, அதாவது போர்ட்டுகளை, அரைத்து வடிவம் மாற்றுவது. அவன் காட்டியது நிமிடத்துக்கு 28,000 சுற்று ஓடும் டை கிரைண்டர், கையில் பிடித்து அரைக்கும் கருவி. நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன்.

கோவையில் பட்டறை போட்ட புதிது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் ஆழத்துக்கு எட்ட வேண்டுமென்று, நீளத் தண்டுள்ள பர் (பல் வெட்டிய அரைக்கும் முனை) ஒன்றை அதில் மாட்டினேன். சுவிட்சைத் தட்டினால் முழு வேகம், குறைக்க வழியில்லை. தண்டு சாட்டை மாதிரி வீசி வளைந்து, பிஸ்டன் ஓடும் உட்குழாயான லைனரின் சுவரில் பர் ஒரு கோடு இழுத்துவிட்டது. நீளத் தண்டை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், அதுவும் போர்ட்டுக்குள் நுழைத்த பிறகு. அன்று அது தெரியாது. பெரிய பிஸ்டன் போட லைனரைக் கடைந்து அகலமாக்குவதுதான் போர் போடுவது. 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குக் கோடு மறையவில்லை, 0.50 பிஸ்டன் வாங்கி என் செலவில் போர் போட்டேன். வண்டி அடுத்தவருடையது வேறு.

இப்போது என்னிடம் இருப்பது நகை வேலை செய்கிறவர்களின் தொங்கு மோட்டார். மோட்டார் மேலே கொக்கியில் தொங்கும், அதிலிருந்து வளைந்து வரும் தண்டின் முனையில் பேனா மாதிரி கைப்பிடி, காலடியில் பெடல். வேகம் கிரைண்டர் அளவுக்கு வராது. ஆனால் போர்ட்டின் மேல் விளிம்பில் அரை மில்லிமீட்டர் எடுக்கும்போது, தையல் மிஷினை ஓட்டுவதுபோல் காலாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். காற்றில் ஓடும் கிரைண்டரும் கைக்கு இலகுதான். சின்ன கம்ப்ரஸர் அதற்கு ஈடு கொடுக்காது, அவ்வளவுதான்.

காசு மிச்சமிருந்தால் கார்பைட் பர்ரில் போடுங்கள். இந்த சிலிண்டரின் உடம்பு அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு லைனர். லைனருக்குக் குறுக்கு வெட்டுள்ள பர். அதையே அலுமினியத்தில் வைத்தால் பல்லிடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு, வெட்டாமல் தேய்க்கும். அலுமினியத்துக்குப் பல் அகலமாகத் தள்ளித் தள்ளி இருக்கிற பர் தனியாக உண்டு. அதிலும் அவ்வப்போது மெழுகுவர்த்தியைத் தொட்டுக்கொள்வேன்.

கீழிருந்து பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் வரும் டிரான்ஸ்பர் போர்ட்டுக்குள் போக, தலை குறுக்கே திரும்பிய கைப்பிடி வேண்டும். விலை அதிகம், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். சிலிண்டரை மேலே மூடும் ஹெட்? டூ ஸ்ட்ரோக் ஹெட்டில் போர்ட்டே கிடையாது. அது லேத் வேலை.

எல்லாம் முடிந்ததும் போர்ட் விளிம்பின் கூர்மையை மட்டும் சின்னக் கல்லால் கையாலேயே மழுக்கிவிடுவேன். விட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும்.

தம்பிக்குக் காயலான் கடையிலிருந்து தேய்ந்த சிலிண்டர் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். "முதலில் இதைக் கெடுத்துக்கொண்டு வா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.