தேன்கனிக்கோட்டையிலிருந்து டெல்லிக்கு ஒரு மனு

எங்கள் நிலம் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரமாக இருக்கிறது. ராகிக் கதிர் முற்றும் நேரம் பார்த்து கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கும். 2021 டிசம்பரில் ஒரே இரவில் அரை ஏக்கர் ராகி போனது. அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தும் மசோதா டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமாகி, சில நாளில் நிலைக்குழுவுக்கு, அதாவது மசோதாவை ஆராயும் எம்.பி.க்களின் குழுவுக்கு, போயிருந்தது. பொதுமக்களும் குழுவுக்குக் கருத்து எழுதலாம் என்று தெரிந்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

துறைவாரியாக மொத்தம் 24 நிலைக்குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். எல்லா மசோதாவும் குழுவுக்குப் போவதில்லை, நேராக விவாதத்துக்கு வந்து அப்படியே நிறைவேறுபவையும் நிறைய. குழுவுக்குப் போனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வாசல் திறக்கிறது. இந்த மசோதா போன குழுவுக்கு அப்போது ஜெய்ராம் ரமேஷ் தலைவராக இருந்தார். சுற்றுச்சூழலைக் கவனிக்கும் குழு மாநிலங்களவைச் செயலகத்தின் கீழ் இயங்குவதால், மக்களவையில் வந்த மசோதாவுக்கும் மனுவை மாநிலங்களவைச் செயலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். எந்த முகவரி சரி என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நாள் போனது.

மசோதாவைப் படித்ததுதான் பெரிய வேலை. திருத்த மசோதாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படித்தால் ஒன்றும் விளங்காது. 'இந்தப் பிரிவில் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்' என்றே பக்கம் பக்கமாகப் போகும். தேன்கனிக்கோட்டையில் மூலச் சட்டத்தைப் பிரின்ட் எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாறும் இடங்களில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். மூன்று இரவு ஆனது. அப்புறம்தான் கவனித்தேன், மாறப்போகும் பழைய பிரிவுகளை மசோதாவின் கடைசியிலேயே இணைப்பாகக் கொடுத்திருந்தார்கள். முதல் முறை படிப்பவர்கள், மசோதா எதற்காக என்று சொல்லும் நோக்க விளக்கத்தைப் படித்துவிட்டு, நேராக அந்த இணைப்புக்குப் போங்கள்.

விலங்குகளையும் தாவரங்களையும் வகைப்படுத்திப் பட்டியலிடும் சட்டத்தின் ஆறு அட்டவணைகள் நான்காகக் குறைகின்றன. பொதுவான விதிமீறலுக்கு அதிகபட்ச அபராதம் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாகிறது. சரணாலயத்துக்கான மேலாண்மைத் திட்டத்தை, காட்டில் வாழ்பவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடங்களில் கிராம சபையைக் கலந்துதான் தயாரிக்க வேண்டும் என்ற வரியைப் பார்த்ததும் மனசு நிமிர்ந்தது. எங்கள் பக்கத்து இருளர் குடியிருப்புகளை நினைத்துக்கொண்டேன். ஆனால் பயிரை இழப்பவனைப் பற்றி எங்கே தேடியும் இல்லை.

மனு இங்கிலீஷில் அல்லது இந்தியில் இருக்க வேண்டும். பொதுவாக 15 நாள்தான் அவகாசம் தருவார்கள். நடுவில் பொங்கல் வேறு. நான் தமிழில் எழுதியதை, பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கும் என் சித்தி மகள் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கோரிக்கைக்கு நேராகவும் மசோதாவின் பிரிவு எண்ணைப் போடச் சொன்னதும் அவள்தான். நல்ல யோசனை. வெறும் புலம்பலாக இருந்த பாதி, எண் போடும்போதே தானாக உதிர்ந்துவிட்டது. இரண்டு பிரதி எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பக்கத்து நிலத்துப் பெரியவர், "டெல்லிக்கு எழுதினா யானை நிக்குமா தம்பி?" என்று கேட்டார். "யானை நிக்காது மாமா, சட்டத்துல நம்ம பேராவது வரணும்ல" என்றேன்.

குழுவுக்குக் கொடுத்த மனு குழுவின் ஆவணமாகிவிடும். அதை நாமாக வெளியிட்டால் அது நாடாளுமன்ற அவையின் உரிமையை மீறிய செயலாகும். அதனால் அதில் இருந்த வரிகளை இங்கே எழுதவில்லை.

2022 ஏப்ரல் 21 அன்று குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. பெரிய அறிக்கை, தேடித் தேடிப் படித்தேன். மனிதர்–விலங்கு மோதல், வேட்டையைப் போலவே சிக்கலான பிரச்சினை, அதற்குச் சட்டத்திலேயே இடம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் தலைமையில் ஒரு சிறிய ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும், பயிர் முறையை மாற்றுவது உட்பட அந்தந்த இடத்துக்கு ஏற்ற வழிகளை அது சொல்ல வேண்டும் என்பது பரிந்துரை. எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள், என் மனுவால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆகஸ்ட் 2 அன்று மக்களவையும் டிசம்பர் 8 அன்று மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின. டிசம்பர் 19 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல், 2023 ஏப்ரல் 1 முதல் அமல். இறுதி வடிவத்தில் அந்த ஆலோசனைக் குழு இல்லை.

எனக்கு இன்றைக்கும் உறுத்துவது இரண்டு அவைகளுக்கும் நடுவில் இருந்த அந்த நான்கு மாதம்தான். மாநிலங்களவை ஒரு சொல்லைத் திருத்தியிருந்தாலும் மசோதா மறுபடி மக்களவைக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் தமிழ்நாட்டு மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு நான் எழுதியிருக்க வேண்டும். மக்களவையில் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள், அறிக்கையின் அந்தப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய், எங்கள் எம்.பி.யின் அலுவலகத்தில் கொடுத்தேன். அமைச்சர் அல்லாத உறுப்பினரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம், கூட்டத்தொடரில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல் அதற்கான நேரம். குழு கேட்ட அந்த ஒரு பிரிவை மட்டுமாவது அப்படிக் கொண்டுவாருங்கள் என்று கேட்டு எழுதி, கீழே எங்கள் ஊர்க்காரர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். முதல் கையெழுத்து அந்தப் பெரியவருடையது.