மயானப் பாதையைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோன கதை

அப்பாவை எடுத்த அன்று பெருமழை ஓய்ந்து தூறல் மட்டும் இருந்தது. ஆனாலும் மயானத்துக்குத் திரும்பும் பாதையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சவ வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "உள்ள போனா சிக்கிக்கும் அண்ணே" என்றார். பெட்டியை இறக்கி, ஆறு பேர் தோள்கொடுத்து, மிச்சத் தூரத்தை நடந்தே போனோம். முன்னால் கொள்ளிச்சட்டியோடு நான். என் தம்பி மகன் குடையைக் கொள்ளிச்சட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டே வந்தான், நெருப்பு அணைந்துவிடக் கூடாதே என்று. அப்பா அந்த ஊரில் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். அவருடைய கடைசிப் பயணம் சேற்றில் முடிந்ததை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே பெருநிலப் பக்கம். குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். பாதை விஷயமாக அதற்கு முன்பே கடிதங்கள் எழுதியிருந்தோம். ஓர் அலுவலகம் வடிகால்தான் தன்னுடையது, பாதை இல்லை என்றது. இன்னொன்று பாதை தன்னுடையதாக இருக்கலாம், தண்ணீர் வடிகாலிலிருந்துதானே வருகிறது என்றது. கூட்டரசு, அதாவது மத்திய அரசு, அமைச்சு ஒன்றுக்கும் எழுதினோம். மூன்று வரியில் பதில் வந்தது, தங்கள் அதிகார வரம்பில் இல்லை என்று. இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

பக்கத்து வீட்டு மாமா மயானக் குழுவில் நெடுநாள் இருப்பவர். ஒவ்வொரு முறை தண்ணீர் ஏறும்போதும் எரிமேடைக் கொட்டகைத் தூணில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைப்பார். அந்தத் தூணில் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஏறியிருக்கும். கடைசியில் எங்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

வழி காட்டியது எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் வேலை செய்யும் ஒரு பெண். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க தப்பான கதவைத் தட்டியிருக்கீங்க" என்றார். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைத் திறந்து காட்டினார். எது கோலாலம்பூர் பார்க்க வேண்டியது, எது மாநிலம் பார்க்க வேண்டியது, எது இரண்டும் சேர்ந்து பார்க்க வேண்டியது என்று மூன்று பட்டியல்கள். கல்வி, சுகாதாரம், பாதுகாப்பு எல்லாம் முதல் பட்டியலில். நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில். அதே பட்டியலில் தங்கும் விடுதிகளுக்கும் மாட்டுப் பட்டிகளுக்கும் நடுவே ஒரு சிறு வரி இருந்தது: அடக்க நிலங்களும் தகன நிலங்களும். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியைத் திரும்பப் படித்தார். நாட்டின் அரசியலமைப்பில் மயானத்துக்கு இடம் இருக்கிறது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உள்ளாட்சி விஷயத்துக்கு ஏன் சட்டமன்றம் வரை போக வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டில் உள்ளாட்சி உறுப்பினர்களையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜார்ஜ் டவுன் நகராட்சிக்கு 1951-லேயே தேர்தல் நடந்தது. 1965-ல் அந்தத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன, 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு சட்டமன்றம் 2012-ல் உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. ஆகவே இன்றைக்கு உள்ளாட்சி உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவர் எழுந்து நின்று, நம் ஊர்ச் சாக்கடையைப் பற்றி அரசாங்கத்திடம் பதில் கேட்கக்கூடிய இடம் அந்த 40 நாற்காலிகள் உள்ள மண்டபம்தான். இதை எங்கள் சங்கத்துப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்கிறேன்.

சரி, கேள்வி எப்படி எழுதுவது? வாய்மொழிக் கேள்வி, எழுத்துவழிக் கேள்வி என்று இரண்டு வகை. எதுவானாலும் கூட்டத்துக்குப் பல நாள் முன்னதாகவே உறுப்பினர் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அப்பாவின் இறுதி ஊர்வலம், இரண்டு வருட அலைச்சல், எல்லாம் அதில் இருந்தது. அந்தப் பெண் பொறுமையாகப் படித்தார். "இதுல நீங்க வாதாடுறீங்க அங்கிள். கேள்வியில கேள்வி மட்டும்தான் இருக்கணும். வாதம் இருந்தா சபாநாயகர் அலுவலகத்துலயே தள்ளிடுவாங்க. அந்த வாதத்தையெல்லாம் எடுத்து வைங்க, விவாதத்துக்கு வேணும்." ஒவ்வொரு வரியாக அடித்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் நின்றது கூர்மையாக இருந்தது: பாதையும் வடிகாலும் எந்த நிலத்தில் இருக்கின்றன, பராமரிக்கும் பொறுப்பு யாருடையது, சீரமைக்க எவ்வளவு ஒதுக்கப்படும், எப்போது. அதை மலாயில் மாற்றினோம். அதற்கு முன் நில அலுவலகத்தில் வரைபடம் வாங்கி லாட் எண்களை, அதாவது மனை எண்களை, குறித்துக்கொண்டோம். லாட் எண் கேள்வியிலேயே இருந்தால், எந்த இடம் என்று தெரியவில்லை என்ற பதிலுக்கு வழியில்லாமல் போகும். இந்த வேலையை யாரும் விட்டுவிட வேண்டாம்.

கூட்ட நாள் வந்தது. பொதுமக்கள் பகுதியில் உட்கார எங்கள் இருவருக்கும் சேவை மையமே ஏற்பாடு செய்திருந்தது. அடையாள அட்டை வேண்டும், உடை ஒழுங்காக இருக்க வேண்டும், கைப்பேசி சத்தம் போடக் கூடாது. மாமா தீபாவளிக்கு எடுத்த வெள்ளை முழுக்கைச் சட்டையில் வந்தார். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினோம். 2023-ல் வந்த புதிய படகுகளில் அதுதான் மாமாவுக்கு முதல் பயணம். அக்கரையில் இறங்கி, பீச் ஸ்ட்ரீட் வழியாக மணிக்கூண்டு வரை நடந்து, அப்படியே லைட் ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பினால் பெரிய வெள்ளைத் தூண்களோடு சட்டமன்றக் கட்டடம். எத்தனையோ முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன், பாடாங் திடலில் உட்கார்ந்து கடற்காற்று வாங்கியிருக்கிறேன். அந்தத் தூண்களைத் தாண்டி உள்ளே போக எனக்கும் உரிமை இருக்கிறது என்று தோன்றியதே இல்லை.

ஒன்பதரைக்குச் சபாநாயகர் வந்ததும் எல்லோரும் எழுந்தோம். பிரார்த்தனைக்குப் பிறகு கேள்வி நேரம். ஓர் உறுப்பினர் எழுந்து தன் கேள்வி எண்ணைச் சொல்வார், சம்பந்தப்பட்ட ஆட்சிக்குழு உறுப்பினர், அதாவது மாநில அமைச்சர் மாதிரியானவர், பதிலைப் படிப்பார், அதற்குப் பிறகு துணைக் கேள்விகள். உயிர் இருப்பது அந்தத் துணைக் கேள்விகளில்தான். எழுதி வைத்த பதில் முடிந்ததும், எழுதி வைக்காத கேள்வி வரும். தண்ணீர் விநியோகம் பற்றி ஒருவர் கேட்டபோது அந்தப் பேச்சு நீண்டுகொண்டே போனது. பினாங்கின் கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து வருவதால், அது யாருமே சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை.

எங்கள் கேள்வி பட்டியலில் பதினொன்றாவது. எட்டாவதோடு நேரம் முடிந்துவிட்டது. மீதிக் கேள்விகளுக்கு எழுத்துவழிப் பதில் வரும் என்று அறிவித்துவிட்டு அடுத்த அலுவலுக்குப் போனார்கள். மாமா என்னைப் பார்த்தார். "அவ்வளவுதானா தம்பி?" என்றார், மெதுவாக. எனக்குத் தொண்டையை அடைத்தது. இரண்டு வருடம் காத்திருந்து, மூன்று எண்ணில் தவறவிட்டோம்.

மதிய இடைவேளையில் எங்கள் ஒய்பி (சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வெளியே வந்து எங்களிடம் பேசினார். "கவலைப்படாதீங்க ஐயா, விவாதத்துல எடுக்கிறேன். அந்தப் படத்தை மட்டும் குடுங்க" என்றார். சிவப்புக் கோடு போட்ட தூணின் படத்தை மாமா பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்று நடந்துகொண்டிருந்தது ஆளுநர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீதான விவாதம். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்த பிறகு, உறுப்பினர்கள் தங்கள் தொகுதி விஷயம் எதையும் அதில் பேசலாம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது சடங்கு போலத் தோன்றும். சிறிய ஊர்களுக்கு அதுதான் வாசல். கேள்வி நேரத்தில் இடம் கிடைக்காத எங்களைப் போன்றவர்களின் குறை அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

பிற்பகலில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். 2023 ஆகஸ்ட் தேர்தலில் ஆளும் தரப்புக்கு 29 இடம், எதிர்த்தரப்புக்கு 11. எந்தத் தீர்மானமானாலும் முடிவு என்ன என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும். ஆனாலும் அவர் விடாமல் பேசினார். தன் தொகுதியில் வயல் ஓரத்துக் கிராமம் ஒன்றில், முஸ்லிம் அடக்க நிலத்துக்குப் போகும் வழியில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது, ஜனாசாவை, அதாவது சடலத்தை, தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்றார். நானும் மாமாவும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம்.

அப்போதுதான் எங்கள் ஒய்பி எழுந்து, "மிந்தா லாலுவான்" என்றார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கேட்கும் முறை அது. நேராகச் சொன்னால், வழி கேட்கிறேன் என்று பொருள். பேசுகிறவர் விரும்பினால் வழிவிடலாம், விரும்பாவிட்டால் மறுத்துவிட்டுத் தொடரலாம். காலையிலிருந்து இரண்டு பக்கமும் பலமுறை மறுத்ததை நாங்கள் பார்த்திருந்தோம். இவர் ஒரு நொடி யோசித்தார். "சிலாக்கான்", அதாவது தாராளமாகப் பேசுங்கள், என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

ஒய்பி அந்தப் படத்தைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினார். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது. லாட் எண்ணைச் சொன்னார், இரண்டு அலுவலகங்கள் மாற்றி மாற்றி அனுப்பிய கடிதங்களின் தேதிகளைச் சொன்னார், ஒரு பேரன் கொள்ளிச்சட்டிக்குக் குடை பிடிக்க வேண்டியிருந்தது என்றார். பிறகு, "நண்பருடைய கிராமத்துக்கும் என் கிராமத்துக்கும் ஒரே பதில் வேண்டும்" என்று முடித்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் மறுபடி எழுந்து, தான் அதற்கு உடன்படுவதாகச் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடர்ந்தார். மாமா கைதட்டக் கைகளை உயர்த்தினார். காவலர் அன்பாகவே தலையசைத்து வேண்டாம் என்றார். மாமா இரண்டு கைகளையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது.

அப்புறம் மாலை வரை மற்ற பேச்சுகள். எனக்கு எதுவும் மனதில் பதியவில்லை.

விவாதத்துக்கு ஆட்சிக்குழு உறுப்பினர்கள் தொகுத்துப் பதில் சொல்லும் நாளில் நாங்கள் போக முடியவில்லை, வீட்டிலிருந்து நேரலையில் பார்த்தோம். இரண்டு மயானப் பாதைகளையும் சேர்த்து ஒரே பத்தியில் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட தரப்புகள் ஒன்றாக இடத்தைப் போய்ப் பார்க்கும், பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்யும். பிறகு குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது. சில வாரங்கள் கழித்து எழுத்துவழிப் பதிலும் வந்தது, ஒரு பக்கம். பாதை மாநில அரசு நிலத்தில் இருக்கிறது, பராமரிப்பு இன்ன அலுவலகத்தின் பொறுப்பு, மதிப்பீடு தயாரானதும் ஒதுக்கீடு கேட்கப்படும். இரண்டு வருடம் எங்களுக்குக் கிடைக்காத அந்த நடு வாக்கியம் இப்போது சபைப் பதிவில் இருக்கிறது. இனி யாரும் எங்களை அடுத்த கதவுக்கு அனுப்ப முடியாது. அந்தப் பதிலைப் பத்துப் பிரதி எடுத்துச் சங்கத்திலும் கோயிலிலும் மயானக் கொட்டகையிலும் வைத்திருக்கிறோம்.

போன மாதம் பொறியாளர் ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்தார். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று கேட்டார். மாமா பதில் சொல்லாமல் அவரைத் தூணுக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் ஒவ்வொரு கோட்டையும் அளவு நாடா வைத்து அளந்து, தேதியோடு எழுதிக்கொண்டார். மதிப்பீடு இன்னும் வரவில்லை. வரவு செலவுக் கூட்டம் நவம்பரில் இருக்கும். பொதுமக்கள் பகுதியில் எங்கள் இருவருக்கும் இப்போதே இடம் கேட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை எதிர்க்கட்சி உறுப்பினரின் கிராமத்திலிருந்தும் இரண்டு பேர் எங்களோடு வருகிறார்கள்.