தெப்பக்குளத்தில் நாலு சுற்று, கடையில் இரண்டு உளுந்த வடை

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் நான்கு கரைகளையும் ஒரு முறை சுற்றி வந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர் ஆகும். 2023 ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்திலிருந்து, காலை ஐந்தரை மணிக்கு அந்தக் குளத்தை நாலு சுற்று சுற்றுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அப்போது எனக்கு வயது 47, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 சதவீதம் என்று வந்திருந்தது. 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். தைராய்டு சரியாக இருந்ததால் மருத்துவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

செப்டம்பர் முடிவில் எடை பார்த்தபோது 77.5 கிலோ. மூன்றரை மாதம், மழை பெய்த நாட்களைத் தவிர ஒரு நாளும் விடாமல் நடந்ததற்குக் கிடைத்த பலன் அரைக் கிலோ. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பிள்ளைகளின் விடைத்தாளில் விடை தப்பாக வந்தால் எந்த வரியில் பிழை நேர்ந்தது என்று தேடுவதுதான் என் தொழில்; என் விஷயத்தில் அதைச் செய்ய எனக்கு அத்தனை நாள் ஆகியிருந்தது.

பிழை முதல் வரியிலேயே இருந்தது. எங்கள் நடைக்குழுவில் ஆறு பேர். நாலாவது சுற்று முடிந்ததும் நேரே கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு உளுந்த வடையும் ஒரு காபியும் சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவோம். வேர்க்க விறுவிறுக்க நடந்தவர்களுக்கு அது நியாயமான கூலி என்றே தோன்றியது. என் கைபேசிச் செயலி அந்த ஒரு மணி நேர நடைக்கு 400 கலோரி என்று காட்டும். உண்மையில் என் எடை உள்ளவர் சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 270 கலோரி அளவில்தான் செலவாகும்; அதிலும் எழுபது எண்பது கலோரி, நடக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் உடல் தன் பாட்டுக்குச் செலவழித்திருக்கக் கூடியது. ஆகவே நடையால் கூடுதலாகச் செலவானது 200 கலோரி. வடை இரண்டும் சர்க்கரை போட்ட காபியும் சேர்ந்து 300-ஐத் தொடும். அதாவது, நடக்கப் போகாமல் படுத்துத் தூங்கியிருந்தால் எனக்கு 100 கலோரி மிச்சமாகியிருக்கும்.

இதைக் கண்டுபிடித்த வேகத்தில் எதிர்ப்பக்கம் பாய்ந்தேன். வீட்டுக்கு அருகில் இருந்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். சோற்றைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று சொன்ன பயிற்சியாளர், ஒரு நாளைக்கு 900 கலோரிக்குள் சாப்பிடும் அட்டவணை ஒன்றையும், விலை கேட்டால் தலை சுற்றுகிற ஒரு புரதப்பொடி டப்பாவையும் தந்தார். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததும் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அது கொழுப்பு அன்று என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன், தன் எடையைப் போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரைந்து நீரும் வெளியேறிவிடும். நாலாவது வாரம் நாலு கிலோ குறைந்திருந்த நிலையில், பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கண் இருட்டி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். தீபாவளி வந்தது, அட்டவணை போயிற்று, நவம்பர் முடிவில் எடை மறுபடி 77. தலைமுடி மட்டும் அதற்குப் பிறகு இரண்டு மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது.

டிசம்பரில் ஓர் உணவியல் நிபுணரைப் பார்த்தேன். அந்த அம்மாள் எனக்கு அட்டவணை எதுவும் தரவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பதினான்கு நாள் எதையும் மாற்றாமல், வாயில் போடுவதையெல்லாம் எழுதி எடுத்து வரச் சொன்னார். என் தொழிலைக் கேட்டுக்கொண்டு, 1990-இல் வெளியான மிஃப்ளின் – செயின்ட் ஜியோர் வாய்பாட்டையும் எழுதிக் கொடுத்தார். எடையைப் பத்தாலும் உயரத்தை ஆறேகாலாலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, பெண்ணானால் மேலும் 161-ஐக் கழிக்க வேண்டும். ஆணானால் கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும். 78 கிலோ எடைக்கு எனக்கு 1359 வந்தது. அசையாமல் படுத்திருந்தாலே உடலுக்கு வேண்டிய கலோரி அது. வகுப்பில் நிற்பதற்கும் காலை நடைக்கும் சேர்த்து அதை 1.375-ஆல் பெருக்கினால் 1869. இது மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் நூறு இருநூறு கூடக் குறைய இருக்கும் என்று அவர் எச்சரித்தார். ஆனால் என் பதினான்கு நாள் நோட்டின் சராசரி 1900-க்கு வந்து நின்றபோது, மூன்றரை மாதம் எடை ஏன் அசையவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த 1900 என்னைத் திகைக்க வைத்தது. என் தட்டில் இருந்ததைக் கூட்டினால் 1300-க்கு மேல் போகவில்லை. மிச்ச 600 எங்கிருந்து வந்தது என்று தேடியபோது முதலில் அகப்பட்டது எண்ணெய் டின். எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் டின் ஒன்று மாதம் முடிவதற்குள் காலியாகிவிடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, அதாவது 30 கிராம். கொழுப்பு எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி என்பதால் ஏறக்குறைய 270. செக்கில் ஆட்டியதா, பாக்கெட்டில் வந்ததா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. தோசையைச் சுற்றி ஊற்றுவதும், தாளிப்பதும், பொரியலைப் பிரட்டி இறக்குவதும் தட்டில் தனியாகத் தெரிவதில்லை அல்லவா. அடுத்தது காபி: நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, சர்க்கரை மட்டுமே 160.

மூன்றாவதை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. சின்னவன் பாதியில் வைத்துவிட்டுப் போன தோசை, பாத்திரம் கழுவப் போடும்முன் சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்புச் சோறு, டிபன் பாக்ஸில் திரும்பி வந்த எலுமிச்சைச் சாதம் ஆகியவற்றையெல்லாம் வீணாக்க மனமில்லாமல் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு வந்திருக்கிறேன். நின்றுகொண்டு சாப்பிட்டது சாப்பாட்டுக் கணக்கில் சேராது என்று என் மனம் எப்போது முடிவு செய்ததோ தெரியாது. நோட்டில் எழுதிப் பார்த்தபோது சில நாட்களில் அது மட்டுமே 200-ஐத் தாண்டியது. இந்தப் பழக்கம் என் வயதுப் பெண்களில் பலருக்கும் உண்டு என்பதும், எந்த உணவு அட்டவணையிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை என்பதும் என் எண்ணம்.

நாளைக்கு 1450 என்று வரம்பு வைத்துக்கொண்டோம். தேவையைவிட 400 சொச்சம் குறைவு. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறைய வேண்டும் என்பதால் மாதம் ஒன்றரைக் கிலோ இறங்கும் என்று கணக்குக் காட்டியது. நடைமுறையில் ஒன்றேகால்தான் இறங்கியது.

டின்னிலிருந்து நேரே ஊற்றுவதை நிறுத்தி, ஐந்து மில்லி கரண்டி ஒன்றைச் சமையல் மேடையில் தொங்கவிட்டேன். இதற்கு முதல் எதிர்ப்பு என் மாமியாரிடமிருந்து வந்தது. கரண்டியால் அளந்து ஊற்றிய தோசையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது தோசையா, சப்பாத்தியா? ஓரம் மொறுமொறுன்னு வரவே இல்லையே" என்றார். "வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை நல்லாப் பழக்கிட்டா வரும் அத்தை, ஒரு வாரம் பொறுங்க" என்று சமாதானம் சொன்னேன். இரவு என் தட்டைப் பார்த்தபோது அவருக்கு மனம் ஆறவில்லை. "இத்தினி சோறு கோழிக்குக் கூடக் காணாது" என்று சொல்லி ஒரு கரண்டி போட வந்தவரை, கையால் தட்டை மூடித்தான் தடுக்க முடிந்தது.

சோற்றை நான் விடவில்லை. வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. எடை பார்க்கும் சிறு தராசில் வைத்துப் பார்த்தபோது இரவில் நான் 400 கிராம் சாப்பிட்டு வந்தது தெரிந்தது. அதை 180 கிராமாக்கி, காலியான இடத்தில் கீரையும் புடலங்காயும், வேகவைத்த முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ வைத்தேன். வாரம் இரண்டு நாள் மீன் குழம்பு, பொரிக்காமல். முன்பு ஒரு நாளில் 35 கிராம் புரதம் கூடச் சேராத என் சாப்பாட்டில் 60 கிராம் வரை கொண்டுவர அந்த விலையுயர்ந்த பொடி தேவைப்படவில்லை. மாலை நாலரை மணிப் பசி அடங்கியதற்குக் காரணம் மன உறுதி அன்று, மதியச் சாப்பாட்டில் கூடிய பயறுதான்.

நடையை விடவில்லை, ஆனால் அதைச் சாப்பாட்டுக்கான அனுமதிச் சீட்டாகப் பார்ப்பதை விட்டேன். செயலி காட்டும் கலோரியைத் திருப்பிச் சாப்பிடக் கூடாது என்பது உணவியல் நிபுணர் போட்ட நிபந்தனை. அதோடு, சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும் என்று சொல்லி, வாரம் மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியைச் சேர்க்கச் சொன்னார். எனக்கு முழங்காலில் வலி இருந்ததால் ஒரு பிசியோதெரபிஸ்ட் எளியதாக அமைத்துக் கொடுத்தார்: நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக் குனிந்து நிமிர்வது. முதல் நாள் நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுந்ததற்கே மறுநாள் பள்ளி மாடிப்படியை ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க முடிந்தது.

2024 மார்ச் முடிவில் 72 கிலோ. அதற்குப் பிறகு சித்திரைத் திருவிழா. மதுரையில் வீடு இருந்தால் அந்த இரண்டு வாரம் வீடு நிறைய உறவினர்கள் இருப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வழியெல்லாம் பானகமும் நீர்மோரும் சர்க்கரைப் பொங்கலும் கையில் திணிக்கப்படும், வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை, சொல்லவும் விருப்பமில்லை. நோட்டை மூடி வைத்தேன். மே மாதத் தொடக்கத்தில் 73.4 காட்டியது. முந்தைய ஆண்டாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். இம்முறை, ஒன்றரைக் கிலோ கொழுப்பு சேர 11,000 கலோரிக்கு மேல் மிகையாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், அத்தனை நான் சாப்பிடவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் உப்பும் நீரும்தான். பத்து நாளில் 72.3-க்குத் திரும்பியது. அன்றிலிருந்து ஒரு நாள் எடையை நம்புவதில்லை. தினமும் காலையில் பார்த்து எழுதி, ஏழு நாள் சராசரியை மட்டும் அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுகிறேன். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஒரு கிலோ வரை ஏறி இறங்குவதும் அப்போதுதான் புரிந்தது.

ஆகஸ்டில் 70 கிலோவில் ஆறு வாரம் அப்படியே நின்றது. வாய்பாட்டில் புதிய எடையையும் வயதையும் போட்டால் என் தேவை 1752-ஆகக் குறைந்திருந்தது. அதாவது, இளைத்த உடம்பைச் சுமக்க 117 கலோரி குறைவாகவே போதும். போதாததற்கு, ஆசிரியர் அறையில் பிறந்தநாள் கேக்கும் பப்ஸும் நோட்டில் ஏறாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தன. சாப்பாட்டை இன்னும் குறைக்க எனக்கு மனமில்லாததால், தெப்பக்குளத்தில் ஐந்தாவது சுற்று ஒன்றைச் சேர்த்து, எழுதாமல் விட்டதை எழுதத் தொடங்கினேன். மாலையில் அந்தப் பக்கம் போவதில்லை என்றும் வைத்துக்கொண்டேன். கரை நெடுகத் தள்ளுவண்டிக் கடைகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் அங்கே உடற்பயிற்சி என்று ஒருவர் போவது தன்னைத் தானே சோதிப்பது.

2025 ஜனவரியில் 66 கிலோ, இடுப்பு 85, சர்க்கரை 5.6. நம்மவர்களில் பெண்களுக்கு இடுப்பு 80-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே நான் இன்னும் போய்ச் சேரவில்லை. எண்ணெய் டின் இப்போது ஐம்பது நாள் வருகிறது, புது டின் திறக்கும் தேதியை அதன் மேல் பேனாவால் எழுதி வைப்பவர் என் மாமியார். நடைக்குழு இன்றும் வடைக்கடைக்குப் போகிறது. நானும் போகிறேன், சர்க்கரை இல்லாத காபி எனக்கு, சனிக்கிழமைகளில் ஒரு வடை.