போகும்போது முதுகில், வரும்போது முகத்தில்: கொழிஞ்சாம்பாறை ஓட்டம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற சாலையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். தாண்டிய பிறகும் டீக்கடையில் கேட்பது கொங்குத் தமிழ்தான். வண்ணாமடை, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் முழுக்க இப்படித்தான் இருக்கும். எங்கள் சின்ன அத்தையைக் கொடுத்திருப்பது கொழிஞ்சாம்பாறையில். அத்தை மகன் போனில் கூப்பிட்டு, "இங்க பத்து கிலோமீட்டர் ஓட்டம் வெக்கிறாங்க, உம்பேரக் குடுத்துட்டேன், வந்து ஓடுனாப் போதும்" என்றான். சரி என்று சனிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன்.

மார்கழி மாதம். அந்தப் பக்கம் மார்கழியில் ஓடப்போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது காற்றை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை 30 கிலோமீட்டருக்கு மேல் விட்டுக்கொடுத்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். இரண்டு பக்கமும் 2000 மீட்டரைத் தொடும் மலைகள். நடுவில் தரை சில நூறு மீட்டர் உயரந்தான். தென்மேற்குப் பருவத்தில் கேரளத்துக் காற்று இந்த வழியாகக் கோவைப் பக்கம் வரும். கார்த்திகை பிறந்ததும் திசை மாறி, கிழக்கிலிருந்து வறண்ட காற்று இதே சந்தில் நெருக்கிக்கொண்டு போகும். மலையாளிகள் இதை விருச்சிகக் காற்று என்பார்கள். விருச்சிகம் என்றால் நம் கார்த்திகை. பெயர்தான் அந்த மாதத்துடையது. தை வரைக்கும் விடாது.

ராத்திரி அத்தை கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளி உள்ளே போட்டார். தோப்பில் மட்டை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, "எந்தப் பக்கங் கண்ணு ஓட்டம்?" என்றார். நாட்டுக்கல் பக்கம் போய்த் திரும்பணும் என்றேன். "அப்பப் போறது மேக்கால. காத்து கூடவே வரும். திரும்புறப்பத்தான் இருக்குது" என்று சிரித்தார்.

காலை ஆறு மணிக்கு இன்னும் இருட்டு. நெஞ்சில் குத்திய நம்பர் அட்டை அப்போதே படபடத்துக்கொண்டிருந்தது. மைக்கில் மலையாளத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை என்று அறிவிப்பு. போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகிற பையன்கள் முன்வரிசையை அடைத்து நின்றார்கள். அதில் சிலர் வெறுங்காலோடு. கோவையிலிருந்து ஒரே மாதிரி டீஷர்ட்டில் ஒரு கூட்டம். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

விசில் ஊதியதும் எல்லாரும் பறந்தார்கள். முதுகில் காற்று தள்ளும்போது மூச்சு வாங்குவதே தெரியாது. சுற்றிலும் காற்றடிக்கிற உணர்வுகூட இல்லை, ஏனென்றால் நாமும் அதோடு போகிறோம். கோவைக் கூட்டத்தில் ஒருவர் என்னைத் தாண்டும்போது, "இன்னைக்கு பெர்சனல் பெஸ்ட்தான் பிரதர்!" என்றார். ஐந்தாவது கிலோமீட்டரில் நடுரோட்டில் வைத்திருந்த தார் டிரம்மைச் சுற்றித் திரும்பினோம். நான் 29 நிமிடத்தில் அங்கே இருந்தேன்.

திரும்பியதும் முகத்தில் அறைந்தது காற்று. மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடுகிறோம், காற்று 20-ல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது காற்று நம்மைவிட 10 தான் அதிகம். அந்த அளவுக்குத்தான் தள்ளும். எதிரே வரும்போது 30. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறுவதால், வரும்போது தடுப்பது போகும்போது தள்ளியதைப்போல் ஒன்பது மடங்கு. போகையில் மிச்சம் பிடித்த நிமிடத்தை வட்டியோடு கட்ட வேண்டும். திரும்பாமல் ஒரே திசையில் ஓடினால் இந்தக் கடன் இல்லை, தள்ளல் மட்டும் லாபம். இதனால்தான் சாலை ஓட்டத்தில் உலக சாதனைக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் உள்ள நேர்தூரம் பந்தய தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2011-ல் பாஸ்டன் மாரத்தானில் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடி முடித்தும் அது உலக சாதனையாக ஏறவில்லை. பாஸ்டன் பாதை ஒரே திசையில் போவது, இறக்கமும் உண்டு, அன்றைக்குக் காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. கொழிஞ்சாம்பாறையில் அந்தத் தொல்லை இல்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்தாக வேண்டும்.

எதிரே சூரியனும் எழும்பிவிட்டது. கண்ணில் வெளிச்சம், புழுதி, வாயில் மண். தண்ணீர் வைத்திருந்த மேசையில் பேப்பர் கப்புகள் நிற்கவே இல்லை. ஒரு பெண் பிள்ளை ஜக்கோடு ஓடிவந்து, "கையை நீட்டுங்க சேட்டா" என்று உள்ளங்கையில் ஊற்றினாள். எனக்கு முன்னால் நல்ல வாட்டசாட்டமான ஆள் ஒருவர் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே திரும்பி, "மாத்திக்கலாங்களா?" என்றார். அதற்கப்புறம் மாறி மாறி முன்னால் போனோம். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோப்புக்குள்ளிருந்து டக் டக்கென்று சத்தம். அண்ணாந்து பார்த்தால் தென்னை உச்சியில் கள் இறக்குகிறவர் ஒருவர், பாளையை எலும்பால் தட்டிக்கொண்டிருக்கிறார். மரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடுகிறது. இடுப்பில் கத்திப் பெட்டி ஆடுகிறது. அவர் கை மட்டும் ஒரே நிதானத்தில் தட்டுகிறது. சித்தூர்த் தோப்புகளின் கள் வண்டியேறிக் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் போகிறது. சில கிலோமீட்டர் கிழக்கே, தமிழ்நாட்டில், அதே தென்னையில் கள் இறக்கினால் கேஸ். கீழே ஓடுகிற எங்களை அவர் ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.

வருகிற பாதிக்கு எனக்கு 35 நிமிடம் ஆனது. பரிசெல்லாம் முன்வரிசைப் பையன்களுக்கே. அவர்கள் தினமும் இந்தக் காற்றில்தான் பயிற்சி எடுக்கிறார்களாம். பெர்சனல் பெஸ்ட்காரர் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தார், பேசுகிற நிலையில் இல்லை. என் வாட்ச் 9.8 கிலோமீட்டர் என்றது. பாதையை பைக் மீட்டரில் அளந்தார்களாம். எதிர்காற்றுக்கு அந்த 200 மீட்டரைக் கழித்துக்கொண்டார்கள் போல!

அங்கே கொடுத்த ஆரஞ்சும் பிஸ்கட்டும் பசிக்குக் காணவில்லை. அத்தை மகன் பைக்கில் ஏற்றி எலப்புள்ளிப் பக்கம் ராமசேரிக்குக் கூட்டிப்போனான். அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் ராமசேரி இட்லியை விடக் கூடாது. மண்பானை வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவை ஊற்றி விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் ஒரு தடிமன், தட்டையாக, பூப்போல மெத்து. காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் என்று சொல்வார்கள். பொடியில் எண்ணெயைக் குழைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும். சாம்பார் கேட்டால் அதுவும் வரும். எத்தனை உள்ளே போனது என்று நான் எண்ணவில்லை, கடைக்காரம்மா எண்ணிவைத்திருந்தார்.