நடவு நாட்களில் விம்பிள்டன்

ஜூன் 30, 2025, திங்கள்

மேட்டூர் நேற்று 120 அடியைத் தொட்டுவிட்டது. வெண்ணாற்றுக் கரையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சேதி கிடையாது. எனக்கு இன்றைக்கு இன்னொன்றும் இருந்தது: மாலை ஆறு மணிக்கு விம்பிள்டன் டென்னிஸின் முதன்மை மைதானமான செண்டர் கோர்ட்.

ஜூன் 8 ராத்திரி பாரிஸில், பிரெஞ்சு ஓபன் இறுதியில், என் ஆளான இத்தாலிக்காரன் சின்னர் ஸ்பெயினின் அல்காரஸிடம் தோற்றதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நாலாவது செட், 5-3, அல்காரஸ் சர்வில் 0-40. கையில் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்; ஒன்றை எடுத்தாலே கோப்பை. மூன்றும் போய், 5 மணி 29 நிமிடம் ஆடித் தோற்றான். தம்பி மகன் அல்காரஸ் கட்சி. "பெரிய மேட்ச்னா உங்க ஆளுக்குக் கை நடுங்கிடும் அத்தை" என்று அன்றைக்கே போனில் சொன்னான். கை நடுங்குகிறவன் ஐந்தாவது செட்டை டைபிரேக் வரை கொண்டுபோக மாட்டான் என்பது என் கட்சி.

இன்று அல்காரஸை 38 வயது ஃபோக்னினி ஐந்து செட் இழுத்தடித்தார். அவரோடு சேர்ந்து நானும் மூச்சு வாங்கினேன்.

ஜூலை 2, புதன்

போர்வெல் தண்ணீரில் விட்டிருந்த நாற்று பறித்தாயிற்று. மேலண்டை மூன்று மா நிலமும் இன்றே நட்டு முடிந்தது. ஆள் கிடைத்ததால் கை நடவு.

மதியம் திண்ணையில் அப்பாவோடு பேச்சு. ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனதை அவர் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். ஃபிரேசர், லேவர் என்று தோற்கடித்தவர்கள் பெயரும் மனப்பாடம். "புல்லுல பந்து எழும்பாதும்மா, சர்வ் போட்டு வலைக்கு ஓடுறவனுக்குத்தான் அது" என்றார். அந்தக் காலத்துக்கு அது சரி. 2001லிருந்து அங்கே முழுக்க ரை புல்தான், 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். அடியில் மண்ணைக் கெட்டியாக வைப்பதால் பந்து நன்றாக எழும்புகிறது. பின்கோட்டில், பேஸ்லைனில் நின்று அடிக்கிறவனும் ஜெயிக்கலாம். சின்னர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே இந்தப் புல்லைப் படித்தபிறகுதான்.

ஜூலை 6, ஞாயிறு

இந்த வருடம் கோட்டோரம் நின்று பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் லைன் ஜட்ஜ்கள் யாரும் இல்லை. 1877இல் தொடங்கிய போட்டியில் முதல் முறையாக எல்லாக் கோர்ட்டிலும் மெஷின்தான் "அவுட்" சொல்கிறது. இன்று பாவ்லியுசென்கோவா - கார்ட்டல் ஆட்டத்தில் அது தெரியாமல் அணைக்கப்பட்டிருந்தது. முதல் செட் 4-4, இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கேம் பாவ்லியுசென்கோவாவுக்கு. கார்ட்டல் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது கண்கூடு. மெஷின் பேசவில்லை. நடுவர் பாயிண்டைத் திரும்ப ஆடச் சொன்னார், கேம் கார்ட்டலுக்குப் போய்விட்டது. பாவ்லியுசென்கோவா கடைசியில் நேர் செட்டில் ஜெயித்தார், அது வேறு விஷயம். உயரமான நாற்காலியில் ஒரு மனிதரை உட்கார வைத்துவிட்டு, பார்த்ததைச் சொல்லும் அதிகாரத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது பெரிய தப்பு. மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வாய் மூடும்போது நடுவர் வாய் திறக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய், விடியற்காலை

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நாலாவது சுற்றில் சின்னருக்கு எதிராக பல்கேரியாவின் டிமிட்ரோவ் 6-3, 7-5 முன்னிலை. சின்னர் முதல் கேமிலேயே விழுந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். டிமிட்ரோவ் வெட்டி அடிக்கும் ஸ்லைஸ் தரையோடு தரையாகச் சறுக்கியது; அவ்வளவு அழகான புல்தரை ஆட்டத்தை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. இருட்டியதால் கூரையை மூடினார்கள். மூன்றாவது செட் 2-2. டிமிட்ரோவ் ஒரு சர்வ் போட்டார், மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இதோடு தொடர்ச்சியாக ஐந்து கிராண்ட்ஸ்லாமில் பாதியில் விலகியிருக்கிறார்.

சின்னர் வலையைத் தாண்டி ஓடிப்போய் அவர் பையைத் தூக்கிக்கொண்டான். நான் டிவியை அணைத்துவிட்டேன். என் ஆள் காலிறுதிக்குப் போயிருக்கிறான், எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. இந்த மேட்சை அவன் தோற்றிருப்பான். அதை ஒத்துக்கொள்ளாமல் அவன் ரசிகையாக இருப்பது நியாயமில்லை.

ஜூலை 11, வெள்ளி

அரையிறுதியில் சின்னர் ஜோகோவிச்சை 6-3, 6-3, 6-4. காலிறுதியில் ஷெல்டனையும் நேர் செட்டில் முடித்திருந்தான். முழங்கையில் உறை.

தம்பி மகன் ஊருக்கு வந்திருக்கிறான். "மூணு மாசம் தடையில இருந்த ஆளு அத்தை" என்று இழுத்தான். பிப்ரவரியிலிருந்து மே வரை, க்ளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து விவகாரம். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையே ஏற்றுக்கொண்டது. வசதியில்லாத ஆட்டக்காரர்களுக்கு இப்படி வழக்காட முடியுமா என்று கேட்டால், அந்தக் கேள்வி சரியானது, என்னிடம் மறுப்பு இல்லை. அதற்காக இந்தப் பையனைத் திருடன் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை.

ஜூலை 12, சனி

அனிசிமோவாவை ஸ்வியாடெக் 6-0, 6-0. 57 நிமிடம். விம்பிள்டன் மகளிர் இறுதியில் 1911க்குப் பிறகு இப்படி நடந்ததில்லை.

"வேஸ்ட் ஃபைனல்" என்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. அனிசிமோவா 2023இல் மனம் சோர்ந்து டென்னிஸை நிறுத்தி வைத்தவள். போன வருடம் இங்கே தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. இந்த வருடம் அரையிறுதியில் முதல் நிலை சபலென்காவைச் சாய்த்தாள். இன்று கால் நகரவில்லை, அவ்வளவுதான். தோற்றபிறகு மைக்கைப் பிடித்து, அழுதுகொண்டே, காலையில்தான் விமானத்தில் வந்திறங்கிய அம்மாவுக்கு நன்றி சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. ஸ்வியாடெக்கும் ஒரு கேம்கூட விட்டுக்கொடுக்காமல் ஆடியது சரி. இரக்கப்பட்டு ஒரு கேம் விட்டிருந்தால் அதுதான் அவமானம்.

ஜூலை 13, ஞாயிறு

ஆண்கள் இறுதி, சின்னர் - அல்காரஸ். எட்டரை மணிக்கு ஆரம்பம். முதல் செட் சின்னருக்கு 4-6. தம்பி மகன் சத்தமே போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசி ஐந்து சந்திப்பும் அல்காரஸ் பக்கம். இரண்டாவது 6-4, மூன்றாவது 6-4.

நாலாவது செட், சின்னர் 4-3 முன்னிலை, அவன் சர்வில் 15-40. அப்பா முதல்கொண்டு எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பாரிஸ் ராத்திரி அப்படியே கூடத்துக்குள் வந்து நின்றது. அல்காரஸுக்குக் கேமைப் பறிக்கக் கிடைத்த அந்த இரண்டு பிரேக் பாயிண்டிலிருந்தும் சின்னர் தப்பித்தான். எனக்குக் கோப்பை அங்கேயே கிடைத்துவிட்டது. பிறகு 5-4இல் சொந்த சர்வில் முடித்தான். 35 நாளுக்குள், அதே ஆளிடம். இத்தாலிக்காரர் ஒருவர் ஒற்றையரில் விம்பிள்டன் ஜெயிப்பது இதுதான் முதல் தடவை.

"நல்லா ஆடினான் அத்தை" என்று தம்பி மகன் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டான். பின்னாலேயே பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூலை 14, திங்கள்

விடிந்ததும் மடையைத் திறந்துவிட்டு வந்தேன். மேலண்டையில் பயிர் போன இடங்களில் நாற்று சொருக நாளைக்கு இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

போனை எடுத்ததும் கோப்பைப் படங்களாக வந்து விழுந்தன. அதற்கு முன்னால் டிமிட்ரோவ் எப்படி இருக்கிறார் என்றுதான் தேடினேன். வலது மார்புத் தசை கிழிந்திருக்கிறதாம்.