மண் குதிரை

இயற்கையும் மனிதனும் என்று தலைப்பு வைத்துக் கண்காட்சி நடத்துகிறவர்கள் ஒருதடவை புதுக்கோட்டைப் பக்கம் ஐயனார் குதிரைகளைப் பார்த்துவிட்டு வரலாம். நமணசமுத்திரம் பக்கத்துக் கோயிலில் வரிசையாக நிற்கின்றன, காது போனது, மூக்கு உடைந்தது, காலே இல்லாதது என்று பலவும் உண்டு, யாரும் எடுத்து ஒட்டவைப்பதில்லை, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

குதிரை செய்கிற குயவரான வேளாரிடம் ஊரார் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், கொடுத்தால்தான் வேலையே ஆரம்பம். அப்புறம் களிமண்ணோடு மணல், உமி எல்லாம் சேர்த்து மிதித்து, முதலில் நாலு கால், அது கொஞ்சம் இறுகினதும் வயிறு, அதற்கு மேல் கழுத்து என்று உள்ளே வெற்றாக விட்டே ஏற்றிக்கொண்டு போவார்கள், அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் நசுங்கிவிடும். புரவி எடுப்பு என்கிற திருவிழா அன்று குதிரையை ஊரே சுமந்துபோய்க் கோயிலில் வைக்கும். வைத்ததோடு சரி, மிச்சத்தை மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். சாமிக்குப் பயந்து விறகு ஒடிக்காததால் பல ஊர்களில் கோயில் காடும் தப்பித்திருக்கிறது.

இப்போது நிறைய இடத்தில் சிமெண்ட் குதிரை, மேலே பளபளவென்று பெயிண்ட். சீக்கிரம் உடையாது, உண்மைதான். உடையாவிட்டால் அடுத்த புரவிக்கு வேளாரை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்?