காம்பராவும் கெமராவும்

2025 மே 4, ஞாயிறு

சீட்டு இந்த மாதம் எனக்கு. 120,000 ரூபா. கெமராவுக்குத்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொழுந்துப் பையை வாசல் இஸ்தோப்பில் உதறிக்கொண்டே, "ஒங் காசு, நீ பாத்துக்க" என்றார். கோபமா இல்லையா, தெரியவில்லை. ஒரு நாள் பேருக்கு, அதுதான் நாள் கூலி, 1,350. கணக்குப் போட்டேன். 89 நாள்.

மே 6, செவ்வாய்

ஓட்டுப் போடப் போகணும், சேலையை மாத்திவிடு என்று விடியவே கேட்டாள் அம்மாயி, அம்மாவின் அம்மா. மாற்றிவிட்டேன். கூட்டிப்போக முடியவில்லை. கஞ்சி அரைக் கோப்பை.

மே 7, புதன்

போனில் இருக்கும் அம்மாயி படங்களை இரவு முழுக்கப் பார்த்தேன். 41 படம். ஒன்றிலும் அவள் முகம் இல்லை. இருட்டில் எடுத்தால் போன் புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று சுருக்கங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. மெழுகு பூசிய மாதிரி ஒரு முகம். இதைவிட அடையாள அட்டைப் படம் மேல். அதில் பயந்துபோய் இருக்கிறாள், ஆனாலும் அவள்தான்.

எங்கள் லயத்துக் காம்பரா, இந்த ஒற்றை அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த லயத்துக் கூரையைப் பார்த்தபடி. பகல் மூன்று மணிக்கே லைட் போட வேண்டும். கெனன் 1500டி புதிதாக வாங்கினாலும் கூட வருவது 18-55 மில்லிமீட்டர் ஸூம் லென்ஸ்தான். அதை 35இல் வைத்தால் எஃப் 4.5க்கு மேல் திறக்காது (எண் குறையக் குறைய வாய் அகலும்). எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பாடி பழசாக இருந்துவிட்டுப் போகட்டும், காசை லென்ஸில் போடுவதுதான் சரி.

எல்லாரும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். விலை குறைவு, முகத்துக்கு நல்லது, எல்லாம் சரி. ஆனால் கெனனின் சின்ன சென்சாரில் 50 என்பது 80 மாதிரி, ரொம்பக் கிட்டே இழுத்துவிடும். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் கட்டிலில் பாதிதான் வரும். எனக்குத் தலைமாட்டில் இருக்கும் வெற்றிலை டப்பா வேண்டும், முருகன் படம் வேண்டும், புகை ஏறிக் கறுத்த அந்தச் சுவரும் வேண்டும். நிக்கோனில் 35 எஃப் 1.8 இருக்கிறது. 52 மாதிரி வரும். அந்த 35தான்.

மே 9, வெள்ளி

பங்கஸ். பங்கஸ். லென்ஸுக்குள் பிடிக்கும் பூஞ்சணம். இந்த ஊரில் லென்ஸ் வைத்துக்கொள்வது எப்படி?

மே 12, திங்கள், வெசாக்

பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் கோயில் வரை தம்பியோடு போனேன். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கெமரூனின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 1879இல் இந்தப் பக்கத்தில்தான் இறந்தார். முதல் கெமரா கையில் கிடைத்தபோது அவருக்கு 48 வயது, மகளும் மருமகனும் கொடுத்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டிய காலம். இந்த நாட்டு ஈரத்தில், மழையில் அதைச் செய்திருக்கிறார். இலங்கையில் இருந்தபோது தோட்டங்களில் வேலை செய்த ஆட்களையும் எடுத்தார். அந்த ஆட்களின் வீடுகளில் அந்தப் படம் ஒன்றாவது இருந்திருக்குமா? திரும்பும் வழி முழுக்க இதே நினைப்பு. தம்பிக்குப் பசி, பேசவில்லை.

மே 15, வியாழன்

நிக்கோன் டி7000 பாடி ஒன்று மலிவாக இருக்கிறது. பாடிக்குள்ளேயே மோட்டார், அதனால் பழைய லென்ஸ்களும் தானாகப் போகஸ் ஆகும். மழைச் சாரலையும் ஓரளவு தாங்கும். ஆனால் 2010இல் வந்தது, 16 மெகாபிக்சல். டி5300இல் மோட்டார் இல்லை. 35க்குள்ளேயே மோட்டார் இருப்பதால் அது தேவையுமில்லை. டி5300இன் திரை வெளியே மடங்கித் திரும்பும். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்தே எடுக்கலாம். முகத்துக்கு நேரே கறுப்பாக ஒன்றைத் தூக்கிப் பிடித்தால் அம்மாயி உடனே முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைத்துப்போவாள்.

மே 17, சனி

கண்டி. கினிகத்தேனை வளைவுகளில் தம்பி இரண்டு தடவை வாந்தி.

விற்பவர் டி5300ஐத் துவாயில் சுற்றி வைத்திருந்தார். பிடியில் ரப்பர் ஓரம் கிளம்பியிருக்கிறது. ஒரு படம் எடுத்து அந்தப் பைலைத் திறந்து பார்த்தேன். எத்தனை தடவை ஷட்டர் அடித்தது என்று நிக்கோன் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். 23,412. நல்லது.

35ஐக் கழற்றி, பின்பக்கமாகப் போன் டோர்ச்சைப் பிடித்தேன். நடுவில் சுத்தம். ஓரத்தில், கண்ணாடிக்கு உள்ளே, சிலந்தி நூல் போல மூன்று இழை, ஒன்றிலிருந்து ஒன்று கிளை விட்டபடி. "அது தூசி, தங்கச்சி" என்றார். தூசி கிளை விடாது. நேரே பார்த்தால் யாருக்கும் தெரியாது, சாய்த்தால்தான் தெரிகிறது. விலையைக் குறைக்கிறேன் என்றார். எடுத்திருந்தால் நாளை ராத்திரியே அம்மாயியை எடுத்திருக்கலாம். கை அதை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வைத்துவிட்டேன்.

பாடியும் 18-55உம் மட்டும் வாங்கினேன். 85,000. மீதி 35,000. 35க்கு வேறு ஆள் தேட வேண்டும்.

மே 18, ஞாயிறு

அம்மாயி கெமராவைத் தொட்டுப் பார்த்தாள். "கனமா இருக்கே தாயி."

மே 22, வியாழன்

ஈரம் பிடிக்காமல் இருக்க கெமராவைத் தேயிலைத் தூளுக்குள் வைக்கச் சொல்கிறார் அம்மா. ஸ்டோரில், அதாவது தேயிலை பெக்டரியில், காய்ந்து வரும் தூளில் நூற்றுக்கு மூன்று பங்குதான் ஈரம், காற்றில் இருப்பதை அது உறிஞ்சும், அதனால்தான் டப்பா திறந்திருந்தால் தூள் பதம் போகிறது. அவர் சொல்வது சரிதான். ஆனால் தூசி உள்ளே போகும். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். தோல் உறையைத் தூக்கிப் போட்டேன், ஈரம் அதில்தான் தங்கும்.

மே 27, செவ்வாய்

இரவு அம்மாயிக்கு மூச்சு வாங்கியது. அம்மா தூங்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மழை. பிள்ளைகளின் கொப்பிகள் திருத்தாமல் கிடக்கின்றன. இஸ்தோப்பிலிருந்து பனி மூட்டத்தை எடுத்துப் பழகினேன். வெள்ளையைக் கண்டால் கெமரா சாம்பலாக்கிவிடுகிறது. வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டினால்தான் பனி பனியாக வருகிறது.

கம்பளையில் ஒருவரிடம் 35 இருக்கிறது. டோர்ச் அடித்து வீடியோ அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். நான்கு தடவை பார்த்தேன். சுத்தம். 34,000. பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறாராம்.

ஜூன் 3, செவ்வாய்

பஸ்ஸில் வரவில்லை. அம்மாயி இன்று யாரையும் கூப்பிடவில்லை.

ஜூன் 4, புதன்

அம்மாயியை 18-55இலேயே எடுத்தேன். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வு) 3200, 1/15 செக்கன். கெமராவை அரிசி வாளி மேல் வைத்து, சத்தம் குறைந்த ஷட்டரில். வெற்றிலை டப்பா படத்தில் வந்திருக்கிறது, முருகனும். முகம் ஆடவில்லை. கை மட்டும் ஆடிவிட்டது, போர்வையை இழுத்திருக்கிறாள் போல.

35 ஹட்டனுக்கு வந்துவிட்டதாம், சாயங்காலம் போன் வந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே டவுனுக்கு